கற்பிக்காததைக் கண்டிக்கலாகாது

(நமது சங்கக் கிளையினர் ஓசூரில் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களுள் கல்வியைப் பற்றிப் பேசாத கூட்டம் ஒன்றேனும் இருந்ததில்லை. ஆண்டுதோறும் 10ஆம் வகுப்பிலும் 12ஆம் வகுப்பிலும் மிக்க மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசளிக்கின்றோம். அது நல்ல வழக்கமே. ஆயினும் இன்று யாம் பேசப் புகுவது ஐந்தாறு வயதுக் குழந்தைகளின் அழுகையையும் கோபத்தையும் அச்சத்தையும் பற்றியாகும். "இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமோ? குழந்தை அழுவதும் அடம் பிடிப்பதும் உலக வழக்கந்தானே?" எனச் சிலர் நகைக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எம் எண்ணம் மாறிய வரலாற்றை முதற்கண் சொல்லிவிடுவதே நேர்மையாகும்.

அவ்வாண்டு ஒருநாள் மாலை, நம்மவர் ஒருவர் தம் மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு சங்கக் கட்டடத்திற்கு வந்தார். பேரிகைப் பக்கத்துச் சிற்றூரினின்று ஓசூருக்குக் குடிவந்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவர் மனைவியாரும் வேறொரு கம்பெனிக்குச் செல்பவர். வீட்டில் தெலுங்கு பேசுவோர். சிறுவனுக்கு வயது 6, முதல் வகுப்பு. அவன் பக்கத்துச் சிறுவனின் கையைக் கடித்துவிட்டான், புத்தகத்தையுங் கிழித்துவிட்டான். "இனி இப்பிள்ளையை வைத்துக்கொள்ள இயலாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பாடசாலையார் சொல்லிவிட்டனராம்.

பெரியோர்களே! அங்கிருந்த எம் போன்றோர் மூவர் செய்தது யாது? சிறுவனை நடுவில் நிறுத்தினோம். "நம் குலத்துப் பிள்ளை இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டோம். "இனிச் செய்யேன் என்று சொல்" என்றோம். அவன் வாய் திறக்கவில்லை. தகப்பனாருக்கும் இரண்டு புத்திமதி சொன்னோம். நீதி செலுத்திவிட்டதாகவே எமக்குத் தோன்றிற்று.

அவ்வேளை, நெடுங்காலம் பால்வாடியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் உள்ளே வந்தார். நாற்காலியில் அமராது தரையில் சிறுவனுக்கு எதிரே அமர்ந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஏமாயிந்தி நாயனா?" என்றார், என்னப்பா நேர்ந்தது என்று பொருள். சிறுவன் தேம்பித் தேம்பிச் சொல்லலானான். அன்று மாலை தாமே வந்து அழைத்துச் செல்வதாகத் தகப்பனார் வாக்களித்திருந்தார். கம்பெனியில் ஓவர்டைம் என்று நிறுத்திவிட்டனர், வர இயலவில்லை. அவ்வாறு நேர்ந்தது அவ்வாரத்தில் அது மூன்றாம் முறை. "உங்கப்பா வரவே மாட்டார்" என்று பக்கத்துப் பையன் சொன்னான். அதற்கு மறுமொழி கூற இவனிடம் தமிழ்ச் சொல் இல்லை. பல் இருந்தது.

அம்மையார் எம்மைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, கோபத்தை என்ன செய்வது என்று இவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தோமா? சொல்லிக்கொடுக்காத பாடத்திற்கு நீங்கள் பரீட்சை வைக்கிறீர்கள்" என்றார். எம் மூவருக்கும் தலை கவிழ்ந்தது. அவ்வம்மையார் சொன்ன அந்த ஒன்றையே இன்று விரித்துரைக்க வந்தோம்.

நிற்க. நமது மாவட்டத்தின் நிலையைச் சிறிது நோக்குவோம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் ஓசூர் பெரிதும் மாறிற்று. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் வந்தன. அவற்றைச் சூழ நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இவ்வளர்ச்சியால் நம்மவர் பலர் உயர்ந்தனர் என்பதை எவரும் மறுக்கார். ஆயின் இதற்குரிய விலையில் ஒரு பங்கைக் குழந்தைகளும் கொடுக்கின்றனர். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. தகப்பனார் உறங்கும்போது குழந்தை பேசலாகாது. குழந்தை உறங்கும்போது தகப்பனார் வீட்டில் இல்லை. ஊரில் பாட்டியும் அத்தையும் இருந்த இடத்தில், இங்கே லைன் வீட்டின் பூட்டிய கதவு இருக்கிறது.

மொழியோ மற்றொரு சிக்கல். எல்லைப்புறமாகிய நம் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் தொன்றுதொட்டுப் புழங்குவன. இப்பொழுது வடநாட்டினின்று வந்த தொழிலாளர் குழந்தைகளின் இந்தியும் ஒடியாவுஞ் சேர்ந்தன. ஒரே வகுப்பறையில் ஐந்து வீட்டுமொழிகள் இருப்பது இங்கே புதுமையன்று. பசியையும் வலியையும் குழந்தை கையாற் காட்டிவிடும். ஏக்கத்தையும் அவமானத்தையும் எக்கையாற் காட்டும்?

இத்தகைய நிலை நமக்கு மட்டும் வந்ததன்று. 120 ஆண்டுகளுக்கு முன் இத்தாலி தேசத்து ரோமாபுரியிலும் இருந்தது. அந்நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் குடியிருந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு குழந்தைகள் காப்பாரின்றி மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள் சுவரைக் காக்க வழி தேடினார்கள். குழந்தைகளை ஓரறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரிடம் ஒப்புவித்தார்கள். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அவ்விடம் திறக்கப்பட்டது. சுவரைக் காக்கத் தொடங்கிய காரியம் உலகக் கல்வியின் போக்கையே மாற்றிற்று.

அவ்வம்மையார் கண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று கற்பித்தார். கைக்குட்டையை எடுக்கும் முறையையும், ஓசையின்றிச் சிந்தும் முறையையும் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்காமல் கூர்ந்து நோக்கினார்கள். முடிவில் கைகொட்டி ஆரவாரித்தார்கள். அவர் வியந்து ஆராய்ந்தபின் உண்மை புலப்பட்டது. மூக்கொழுகுவதற்காக அக்குழந்தைகள் பிறந்த நாள் முதல் ஏச்சுக் கேட்டவர்கள். அதை எவ்வாறு சரிசெய்வது என்று இழிவுபடுத்தாமல் கற்பித்தவர் அதுவரை ஒருவருமில்லை. நாமும் "அழாதே", "கத்தாதே", "சும்மா இரு" என்கின்றோம். எவ்வாறு அழுகையை நிறுத்துவது, கத்தத் தோன்றும்போது என்ன செய்வது, சும்மா இருப்பது எங்ஙனம் என்பவற்றை எப்பொழுதேனும் கற்பித்தோமா?

அம்மையார் கண்ட மற்றொரு முறை மௌன விளையாட்டாகும். ஒருநாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்பறைக்கு எடுத்துச் சென்று, "பாருங்கள், இவள் எவ்வளவு அமைதியாக இருக்கிறாள், இவளைப்போல் உங்களால் இருக்க முடியாது" என்னும் பொருள்படச் சொன்னாராம். குழந்தைகள் தாமே கைகால் அசையாமல், மூச்சும் ஓசையெழாமல் அமர்ந்தார்கள். பின்னர் அதுவே விளையாட்டாயிற்று. அறையை இருளச் செய்து, எல்லாரும் அசையாதமர்ந்தபின், ஆசிரியை அடுத்த அறைக்குச் சென்று ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் மெல்ல அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை நாற்காலி மேசைகளில் இடியாமல் அடிமேல் அடி வைத்து அவரிடஞ் செல்லும். வகுப்பில் கூச்சல் மிகும்போது அடக்குதற்குரிய தண்டனையாக இதனை அவர் வைக்கவில்லை. குழந்தைகள் மகிழ்ந்திருக்கும் வேளையில், தம் உடல் தம் சொற்படி கேட்கும் என்பதை அவர்களே அறியும்படி வைத்தார். அமைதியான வேளையில் பழகிய பழக்கமே கொந்தளிப்பான வேளையில் கைகொடுக்கும். நீந்தக் கற்பிப்பவர் வெள்ளம் வரும் நாளையோ தேர்ந்தெடுப்பார்?

இவ்வம்மையார் நமக்கு அயலாரல்லர். 1939ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையின் இடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதால், எதிரி நாட்டுப் பிரஜையென்று பிரிட்டிஷ் அரசினர் அவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினர். போர்க்காலத்தில் ஈராண்டளவு கோடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளுடன் பணியாற்றினார். அவர்பால் பயின்ற நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இந்நாடெங்கும் பரவினர். ஆகவே தமிழ்நாட்டு மண்ணில் ஊன்றிய வித்தையையே நாம் மறந்திருக்கின்றோம்.

அதற்கும் முற்பட்ட நம் வழக்கத்தையும் நினைவுகூர்க. திண்ணைப் பள்ளியில் அகரம் பயின்ற குழந்தை அடுத்த எழுத்திற்கே சினத்தைத் தணித்தல் பற்றிய ஆத்திசூடியைக் கற்றது. திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கும் வெகுளாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். எழுத்தும் மனப்பயிற்சியும் ஒருங்கே தொடங்கவேண்டும் என்பது நம் முன்னோர் கருத்து. நாமோ பின்னதை விட்டு முன்னதை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஒப்புவித்தால் போதும், பழகவேண்டுவதில்லை என்று நினைத்துவிட்டோம்.

இனி, தற்கால ஆராய்ச்சியாளர் கூறுவதைக் காண்போம். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்னும் அறிஞர் ஒரு சோதனை தொடங்கினார். குழந்தையின் முன் ஒரு மிட்டாயை வைத்து, "யான் திரும்பி வருமளவும் உண்ணாமலிருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிச் செல்வது. பொறுத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் கல்வியில் மேம்பட்டனர் என்று பேசப்பட்டது. உலகத்தார் இதைப் பிடித்துக்கொண்டு, "பொறுமையுள்ள பிள்ளை பிழைக்கும், இல்லாத பிள்ளை கெடும்" என்று தீர்ப்பெழுதினர். ஆனால் 2018இல் 900க்கு மேற்பட்ட சிறார்களை ஆராய்ந்து வெளியிட்டபோது, குடும்பத்தின் நிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவ்வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிடுவதாகத் தெரிந்தது.

இதனினும் நமக்கு வேண்டுவது ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் என்பவரும் அவர் துணைவரும் செய்து 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி. 28 குழந்தைகளை இரு கூறாக்கினர். ஒரு கூறாருக்கு, நல்ல வண்ணக்கோல் கொண்டு வருவதாகச் சொல்லி அவ்வாறே கொண்டுவந்தனர். மற்றொரு கூறாருக்கு, அவ்வாறே சொல்லி வெறுங்கையுடன் திரும்பினர். பிறகு மிட்டாய்ச் சோதனை வைத்தனர். வாக்குத் தவறாதவரை நம்பிய குழந்தைகள் சராசரி 12 நிமிடம் பொறுத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடமே பொறுத்தன. குழந்தையின் பொறுமைக்கு வேர் பெரியவர் சொல்லில் இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இதைப் படித்தபோது எம் கண்முன் நின்றவன், அந்த ஆறு வயதுச் சிறுவன்தான். மூன்று நாள் ஏமாந்தவனிடம் பொறுமை இல்லையென்று யாம் குற்றஞ்சாட்டினோம்.

ஆகவே தகப்பன்மார்களே! ஷிப்டு மாறுவது உங்கள் கையிலில்லை, அறிவோம். ஆயினும் நிறைவேற்ற இயலாத வாக்கைக் கொடாதிருத்தல் உங்கள் கையில் உள்ளது. வீட்டுச் சுவரில் நாட்காட்டியை மாட்டி, இரவு ஷிப்டுக்கு ஒரு நிலவும், பகல் ஷிப்டுக்கு ஒரு சூரியனும் குழந்தையே வரையச் செய்யுங்கள். "இன்று நான் வர இயலாது, பக்கத்து வீட்டு அத்தை வருவார்" என்று காலையிலேயே உண்மை சொல்லுங்கள். குழந்தை அழும், அழட்டும். உண்மைக்கு அழுத குழந்தை தேறிவிடும்.

பாடசாலையில் செய்யத்தக்கன சில உள. முதலாவது, உணர்ச்சிக்குப் பெயர் சொல்லக் கற்பித்தல். உணர்ச்சியைச் சொல்லாற் குறித்தபோது மூளையில் அச்சத்தின் இடமாகிய பகுதியின் கிளர்ச்சி குறைவதாக 2007இல் அமெரிக்க நாட்டில் வயது வந்தோரிடஞ் செய்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. நம் ஊரில் இதற்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு. கோபம், பயம் என்பவை தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சொற்கள். மற்றவற்றிற்கு வெவ்வேறு சொல் உண்டு. நாம் ஏக்கம் என்பதற்கு அணித்தாகத் தெலுங்கர் திகுலு என்பர், கன்னடத்தார் பேஜாரு என்பர். ஆசிரியை இவற்றைக் கரும்பலகையருகே படங்களுடன் தமிழெழுத்தில் எழுதிவைத்து, காலையில் ஒவ்வொரு குழந்தையும் தன் நிலையைத் தன் வீட்டுச்சொல்லால் சொல்லச் செய்தால், வீட்டுமொழி வழியாகவே தமிழுக்கும் பாலம் அமையும்.

இரண்டாவது, மூச்சையும் உடலையும் பழக்குதல். பூவை முகர்வதுபோல் மெல்ல மூச்சை இழுத்து, சூடான பாலை ஆற்றுவதுபோல் மெல்ல விடுதல் ஐந்து வயதுக் குழந்தைக்கும் எளிது. ரோஜாத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஓசூரில் பூவுக்கா பஞ்சம்? மூன்றாவது, வகுப்பில் ஒரு மூலையைப் பாயிட்டு வைத்தல். மனங் கொந்தளிக்கும் குழந்தை தானே அங்குச் சென்று அமர்ந்து, தணிந்தபின் தானே திரும்பலாம். "போய் மூலையில் நில்" என்று அனுப்பினால் அது பழைய தண்டனையாகவே முடியும். நான்காவது, வயிறு. வெறும் வயிற்றோடு எக்குழந்தையும் கோபத்தை ஆளாது. தமிழ்நாட்டு அரசினர் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்த காலை உணவுத் திட்டத்தை யாம் மனப்பயிற்சிக்கும் அடிப்படையாகவே கருதுகிறோம்.

இவை பாடவேளையை வீணாக்கும் என்பார் உளர். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த 10 வாழ்க்கைத் திறன்களுள் உணர்ச்சிகளைக் கையாளுதலும், மன நெருக்கடியைக் கையாளுதலும் இரண்டாகும். டில்லி அரசினர் 2018 ஜூலையில் தம் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு முடிய நாள்தோறும் இதற்கென ஒரு பாடவேளையையே ஒதுக்கினர். யாம் கேட்பது நாளொன்றுக்குப் பத்து நிமிடமே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அமைதியைக் கற்பிப்பதென்றால் அநியாயத்தைச் சகிக்கக் கற்பிப்பதன்று. அடிபட்ட குழந்தையையும், தகாத முறையில் தீண்டப்பட்ட குழந்தையையும், மொழியாலோ குலத்தாலோ இகழப்பட்ட குழந்தையையும் "மூச்சை இழுத்து விடு" என்று சொல்லி அனுப்புவது கொடுமை. அக்குழந்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும், நாம் கேட்கவேண்டும். உடல் தண்டனையையும் மன வருத்தம் விளைத்தலையும் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. தொடக்கக் கல்வி முடியுமுன் பிள்ளையைப் பள்ளியினின்று நீக்குவதை 16ஆம் பிரிவு தடுக்கிறது. அன்று அச்சிறுவனுக்கு டி.சி. கொடுக்கப் பாடசாலையார்க்கு உரிமையில்லை என்பதை, புத்திமதி சொன்ன எம் மூவரில் ஒருவரும் அறியோம்!

மற்றொன்றையும் மறையாது சொல்வோம். நம் சங்கம் குலத்தின் பெயரால் கூடியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர்களிடையே நிகழ்ந்த சாதிக் கொடுமையை அனைவரும் அறிவீர். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லிற்று. முதல் வகுப்புக் குழந்தைக்குத் தன் குலம் தெரியாது. பிறனை இகழும் சொல்லை அது நம் வீட்டுத் திண்ணையில்தான் கற்கிறது. கோபத்தை ஆளக் கற்பிக்கும் கையாலேயே கோபத்திற்குரிய கயிற்றையுங் கட்டுவோமாயின், நம் முயற்சியெல்லாம் ஓட்டைப் பானையில் வார்த்த நீராகும்.

இவற்றாலும் தீராத துயரமுடைய குழந்தைகள் சிலர் இருப்பர். வாரக்கணக்கில் உண்ணாமலும் உறங்காமலும், தன்னையே அடித்துக்கொண்டும் இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் வேண்டும், நாணவேண்டுவதில்லை. பெங்களூரில் 1974இல் அமைந்த நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனம் நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஓசூர்ச் சாலையிலேயே, 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சிறார்க்கெனத் தனித்துறையும் அங்குண்டு. தொலைபேசியில் 14416 என்னும் எண் மனநல உதவிக்கும், 1098 குழந்தைகள் காப்பிற்கும் உரியன. இவ்விரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

முடிவாக, சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம் இரண்டு. இக்கட்டடத்தின் கீழறை மாலை வேளைகளில் பூட்டியே கிடக்கிறது. 4 மணி முதல் 7 மணி வரை அதனைத் திறந்து, கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் பெற்றோரின் குழந்தைகள், எக்குலத்தாராயினும், வந்திருக்கச் செய்க. ஆண்டுப் பரிசுத் தொகையில் ஒரு பகுதியைச் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியைகளின் பயிற்சிக்கு ஒதுக்குக. முன் சொன்ன அம்மையார் முதல் வாரத்திற்கு வர இசைந்திருக்கிறார்.

அச்சிறுவன் இன்று வேறொரு பாடசாலையில் 4ஆம் வகுப்பில் பயில்கிறான். கோபமே வாராதவனாகிவிட்டான் என்று யாம் சொல்லோம். சென்ற மாதம் எம்மை வழியிற் கண்டபோது, "அன்னைக்கு உங்கமேல எனக்கு ரொம்பக் கோபம், தாத்தா" என்று தமிழில் சொன்னான். யாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையசைத்துவிட்டு ஓடினான்.